சக்களத்தியின் சத்தம்

ஹாலின் கோடியில், ஜன்னலுக்குக் கீழே, அண்ணன் ஒரு பழைய மேசை இழுப்பறையைச் செங்குத்தாக நிறுத்துகிறார். அதற்குள் கந்தல் துணியும் செய்தித்தாளும் அடைத்திருக்கிறார். பின்னால் ஓர் இரும்புத் தகடு. முன்பக்கத்தில் தீப்பெட்டி அகலத்தில் ஓர் அட்டையைக் குத்திவிட்டு, ஹாலின் மறு கோடிக்கு வந்து நாற்காலியில் உட்காருகிறார். உள்ளங்கைகளைப் பனியனில் துடைத்துக்கொண்டு, காற்றுத் துப்பாக்கியான ஏர்கன்னின் குழலை மடக்குகிறார். டப்பாவிலிருந்து இடுப்பு ஒடுங்கிய ஈயக் குண்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறார், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுகிறார். மனசுக்குப் பிடிக்கவில்லை. அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கிறார். தினமும் மாலையில் வேலை முடிந்து வந்ததும் இதுதான்.

தடவிப் பார்ப்பது அவர் பிழைப்பு. பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் மெழுகு வைத்துப் பல் அடுக்கி, ஈறு நிறத்தில் அக்ரிலிக் வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்பவேண்டும். "துளி சொறசொறப்பு இருந்தாலும் நாக்கு கண்டுபிடிச்சிடும் தம்பி. நாக்கு மாதிரி பொல்லாத இன்ஸ்பெக்டர் உலகத்துலயே கிடையாது" என்பார். அதனால் எங்கே போனாலும் அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்காது. டீக் கோப்பையின் விளிம்பு, பேருந்தின் கைப்பிடி, என் வீட்டு நிலைப்படி எல்லாவற்றையும் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் விடும். ஆட்களைக்கூட அவர் முகத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. "மாடி வீட்டுக்காரரா? மேல் வரிசையில ஒரு பல் கொஞ்சம் திரும்பிக் கோவிச்சுக்கிட்டு நிக்குமே, அவர்தானே?" என்று கேட்பார்.

எதிர் வீட்டில் குடியிருக்கும் எனக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அண்ணி கல்யாணத்துக்கு முன்பிருந்தே நூற்பாலையில் வேலை பார்த்தவர். அந்த இயந்திரங்களின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதைத் தின்றுவிட்டது. நான் குடிவந்தபோது அவருடன் பேச வேண்டுமானால் முன்னால் போய் நின்று கத்த வேண்டும். இல்லாவிட்டால் கையை ஆட்டிக் காட்ட வேண்டும். புருஷன் மாலையெல்லாம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருக்கும் ஏர்கன்னுக்கு 'சக்களத்தி' என்று பெயர் வைத்ததும் அண்ணிதான். "என்ன, என் சக்களத்திக்கு எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டியாச்சா?" என்று குடியிருப்புக்கே கேட்கும்படி விசாரிப்பார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரிவதில்லை.

போன வருஷம் வெளியூரில் இருக்கும் மகள் வந்து, அம்மாவை இழுத்துக்கொண்டு போய்க் காது மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். அதன் பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்தால் திருவிழாக் கூட்டத்தில் நுழைந்த மாதிரி இருக்கும். குழாய் சொட்டுவது, செய்தித்தாள் மடங்குவது, குளிர்பெட்டி உறுமுவது என்று ஒவ்வொன்றையும் பிடித்து வந்து அண்ணி எங்களுக்குக் காட்டினார். "நீங்க சாப்பிடறப்ப இவ்வளவு சத்தமா மெல்லுவீங்களா? நல்லவேளை, இவ்வளவு நாள் எனக்குக் கேக்கல" என்று அண்ணனை வம்புக்கு இழுத்தார். இரண்டு பேரும் மாலை நேரங்களில் பேசித் தீர்த்தார்கள். புதிதாகக் கல்யாணமானவர்கள் கூட அப்படிப் பேசமாட்டார்கள்.

பேச்சு சுவாரசியத்தில் கொஞ்ச நாள் ஏர்கன் பீரோவின் மேலேயே கிடந்தது. பிறகு ஒருநாள் அண்ணன் அதை எடுத்தார். நானும் அங்கே இருந்தேன். முதல் குண்டு போனதுமே சமையலறையிலிருந்து அண்ணி பாய்ந்து வந்தார்.

"என்னங்க, ஏதோ உடைஞ்சிடுச்சு!"

"ஒண்ணும் உடையல. சுட்டேன், அவ்வளவுதான்."

"இல்லங்க. டொய்ங்ங்னு ஒரு சத்தம். மறுபடி சுடுங்க பாப்போம்."

மறுபடி சுட்டார். அண்ணி முகத்தைச் சுளித்துக்கொண்டு மிஷினைக் கையால் பொத்தினார். "இதேதான்! என் சக்களத்தி ஏன் இப்படி அழறா? இத்தனை வருஷமா இப்படித்தான் அழுதுகிட்டு இருந்தாளா?"

"டப்புனு ஒரு சத்தம் வரும். அதுல அழுகை எங்க வந்துச்சு?" என்றார் அண்ணன். அவர் முகத்தில் இருந்தது நிஜமான திகைப்பு.

எனக்கு அந்த டொய்ங் பழகிப்போயிருந்தது. தகர டப்பாவில் கம்பியை இழுத்துக் கட்டி யாரோ மீட்டுவதைப் போலச் சுவரைத் தாண்டி வரும். குழலை மடக்கும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் நசுங்கி உட்காருகிறது. விசையை இழுத்ததும் அது பிஸ்டனை முன்னால் தள்ளுகிறது, பிஸ்டன் காற்றை நெருக்குகிறது, காற்று குண்டைத் துரத்துகிறது. குண்டு போய்ச் சேர்ந்த பிறகும் ஸ்பிரிங்குக்கு மட்டும் ஆட்டம் அடங்குவதில்லை. காதுக்குள் மிஷின் வைத்திருப்பவருக்கு அது ஊசியால் குத்தும் போலிருக்கிறது.

அண்ணி சண்டை போடவில்லை. அண்ணன் ஏர்கன்னை எடுக்கும்போது அவர் மிஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிடுவார். சுட்டு முடித்த பிறகும் எடுத்து மாட்டமாட்டார். "காதுக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்ல" என்பார். மாலைப் பேச்சு நின்றுபோனது. அண்ணன் ஒரு வாரம் சுடாமல் இருந்து பார்த்தார். கட்டைவிரல் வீடெல்லாம் தடவித் திரிந்தது. உப்பு சரியில்லை, ஃபேன் சரியில்லை என்று எல்லாவற்றிலும் குறை. "எழுந்து உங்க ஆளை எடுங்க சாமி. நான் கழட்டி வச்சுடறேன்" என்று அண்ணியே பீரோவைக் காட்டினார். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, இரண்டு பேருமே வாயடைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

அப்படி ஒரு மாலையில்தான் மகள் போன் செய்தாள். பேரன் என்னவோ ஒரு பாட்டைக் கற்றுக்கொண்டு, ஆச்சிக்குப் பாடிக் காட்ட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானாம். அண்ணன் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி, ஜாடை காட்டி, பிறகு கத்தி விஷயத்தைச் சொன்னார். அண்ணி ஈரக் கையைத் துடைத்து, குளிர்பெட்டி மேலிருந்து டப்பாவை எடுத்து, மிஷினைத் திருகி மாட்டுவதற்குள் பையன் பாடி முடித்து விளையாடப் போய்விட்டான். "பரவால்ல, நாளைக்குப் பாடுவான்" என்று அண்ணி துணி மடிக்க உட்கார்ந்தார். மறுநாள் அவன் பாடவில்லை. அதற்கு மறுநாளும் பாடவில்லை. கேட்டால் பாடுகிற பிள்ளை எங்கே இருக்கிறது?

அன்று அண்ணன் என் வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, உண்மையைச் சொல்லுங்க. அந்த டொய்ங் உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது அண்ணே."

"எங்க, அந்தப் பக்கம் வந்து நின்னாலா?"

"இல்ல, இங்க படுத்திருந்தாலே கேக்கும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

அவர் நிலைப்படியைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

மறுநாளே ஏர்கன் பிரிந்தது. நசுங்கிய ஸ்பிரிங் திடீரென்று துள்ளினால் முகத்தைப் பெயர்த்துவிடும் என்பதால், தச்சரிடம் மரத்தை நெருக்கிப் பிடிக்கும் ஒரு நீளக் கிளாம்ப் இரவல் வாங்கி வந்தார். நான் பிடித்துக்கொள்ள, அவர் மெல்ல மெல்லத் தளர்த்தினார். ஸ்பிரிங் ஒரு பெருமூச்சோடு நீண்டு வெளியே வந்தது. உள்ளே அதைத் தாங்கி நிற்க ஓர் ஒல்லித் தகரக் குழாய். ஸ்பிரிங் அதைச் சுற்றிப் பிள்ளை போட்ட பெரியவர் சட்டையைப் போலத் தொளதொளவென்று ஆடியது. "இவ்வளவு இடம் விட்டா யாருதான் ஆடமாட்டா?" என்றார்.

முதல் வைத்தியம் கிரீஸ். கார் பட்டறையிலிருந்து வாங்கி வந்து அள்ளி அப்பினார். பூட்டிச் சுட்டதும் ஹாலில் ஒரு வெடி வெடித்துப் புகை எழுந்தது. பிஸ்டனுக்கு முன்னால் வழிந்துவிட்ட கிரீஸ் அழுத்தத்தின் சூட்டில் பற்றிக்கொண்டிருக்கிறது. மிஷின் டப்பாவுக்குள் கிடந்தும், அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார். "யார் வீட்டுல சிலிண்டர் வெடிச்சுது?"

எல்லாவற்றையும் துடைத்து, இந்த முறை ஸ்பிரிங்கின் மேல் மட்டும், அதுவும் ஈரம் தெரிகிற அளவுக்கு, கெட்டி கிரீஸைத் தடவினார். சத்தம் குறைந்ததா என்று யார் சொல்வது? எனக்கோ அது பழகிப்போன சத்தம். அதனால் அண்ணியே மிஷினை மாட்டிக்கொண்டு பரிசோதனைக்கு உட்காரவேண்டியதாயிற்று. முதலில் காதருகே கையைத் தயாராக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். இரண்டொரு நாளில் தேர்ந்துவிட்டார். "முன்னாடி டொய்ங்ங். இப்ப வெறும் டொய். வால் போயிடுச்சு, தலை இருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

தலையை எடுக்க அண்ணன் தன் சொந்தச் சரக்கில் இறங்கினார். ஸ்பிரிங்குக்குள் இறுக்கமாக நிற்கும்படி அக்ரிலிக்கில் ஒரு தண்டு வார்த்தார். அப்பட்டமான ஈறு நிறம். அதை மாட்டியதும் சத்தம் அடங்கிப்போனது. அண்ணி கைதட்டினார். ஆனால் நாலைந்து குண்டு போவதற்குள் உள்ளே நறநறவென்று கேட்டது. பிரித்துக் கொட்டினால் மேசையெங்கும் ரோஜா நிறத் துணுக்குகள். "ஈறு கழண்டுடுச்சு" என்றார் அண்ணன். அண்ணி சிரித்த சிரிப்பில் காதில் மிஷின் அசைந்து கீச்சென்று கூவியது.

பிறகு லேத் பட்டறைக்குப் போனோம். நைலான் தண்டைக் கடைந்து தரச் சொன்னதும் பட்டறைக்காரர், "எவ்வளவு இறுக்கம் வேணும்?" என்றார்.

"ஸ்பிரிங்கைத் திருகித்தான் மாட்டணும். கழட்டினா வரமாட்டேன்னு அடம்பிடிக்கணும்."

"குருவி சுடற துப்பாக்கிக்கு எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடல்?"

"குருவியெல்லாம் இல்லைங்க, அட்டைதான். வீட்டுல ஒரு ஆள் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு."

அங்கிருந்து அண்ணனின் பல்செட் பட்டறைக்கு. ஸ்பிரிங்கின் இரண்டு முனைகளும் சாய்வாக இருந்தால் வளைந்து நெளியும் என்று, உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கி, பல்செட்டைப் பளபளப்பாக்கும் துணிச் சக்கரத்திலேயே மெருகேற்றினார். நான் அந்த மோட்டாரை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் உட்காரும் இடத்துக்கு இடப்பக்கம், தலைக்கு ஒரு சாண் தள்ளி, சுவரோடு பொருத்தியிருந்தது. ஓட ஆரம்பித்ததும் நான் வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் பாட்டுக்கு என்னிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வேலையைப் பார்த்தார். காலையிலிருந்து மாலை வரை அவருக்கு அதுதான் துணை.

பரிசோதனை நாட்களில் ஒன்றைக் கவனித்திருந்தேன். சுட்டதும் எல்லாரும் அட்டையைப் பார்ப்பார்கள். அவர் அண்ணியின் முகத்தைப் பார்ப்பார். வால் போனதும் தலை போனதும் அவருக்கு அந்த முகத்தில்தான் தெரிந்தது. அண்ணியும் கவனித்திருக்க வேண்டும். ஒருமுறை அண்ணனுக்கு இடப்பக்கம் நின்று, "டீ போடட்டுமா?" என்று இரண்டு தரம் கேட்டார், பதில் இல்லை. அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணி போய் டீயைப் போட்டுக் கொண்டுவந்தார்.

நேற்று மாலை நைலான் தண்டு உள்ளே போயிற்று. கிளாம்ப்பைப் பிடித்துக்கொள்ள நான் இருந்தேன். ஸ்பிரிங் உண்மையிலேயே அடம்பிடித்தது. அவர் செல்லம் கொஞ்சித் திருகி ஏற்றினார். அண்ணி ஒரு தட்டில் கீரையை வைத்துக்கொண்டு அவருக்கு இடப்பக்கத்தில் நின்று ஆய்ந்துகொண்டிருந்தார். மிஷின் காதில் இருந்தது.

டப்.

அவ்வளவுதான். ஒரு தடித்த புத்தகத்தை மூடினால் வருமே, அந்த அளவுக்குத்தான். அதற்குப் பின்னால் குளிர்பெட்டியின் உறுமல்கூடத் தெளிவாகக் கேட்டது. அண்ணன் பொறுமையாக மறுபடி மடக்கினார், மறுபடி சுட்டார். "கன்னத்துல அதிரலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துப்பாக்கியின் பின்கட்டையைத் தடவினார். பிறகு அண்ணியை நிமிர்ந்து பார்த்தார்.

"அழுகை நின்னுபோச்சுங்க" என்றார் அண்ணி, சாதாரணக் குரலில்.

"என்ன?"

அண்ணி பழைய பழக்கத்தில் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கீரைத் தட்டைக் கீழே வைத்தார். நாற்காலியின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்து, மோட்டாருக்கு எட்டாத அவருடைய வலது காதுப் பக்கம் நின்று, குனிந்தார்.