கோணலாக வெட்டிய காலர்

"பயனளவைக் கொள்கைன்னா என்னம்மா?"

"எதையும் செஞ்சு பார்த்துத்தான் கத்துக்க முடியும்னு சொல்றாங்க அக்கா."

"இதைச் சொல்லவா இத்தனை பக்கம்? எத்தனை காலரைக் கோணலா வெட்டி வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன், என்னைக் கேட்டிருந்தா ரெண்டு வரியில சொல்லியிருப்பேனே."

நான் சிரித்தேன். டைலரக்கா சிரிக்காமல் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதினாலு வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு வந்தவர் அவர். இந்த வருடம் தேறாவிட்டால் மறுபடியும் மெஷின்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால், அவருக்குத் தமிழில் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

எங்கள் குழுவில் நான்கு பேர். ஆளுக்கு ஒரு கல்விக் கொள்கையைப் படித்து மற்ற மூவருக்கும் கற்பிக்க வேண்டும். அக்காவுக்கு வந்தது பயனளவைக் கொள்கை. தேர்வில் யாருடைய மதிப்பெண் குறைவோ, அதுவே நால்வருக்கும்.

மாதிரித் தேர்வில் அக்காவுக்கு இருபத்தைந்துக்குப் பதினொன்று.

மறுநாள் மாடிப்படியில் எங்கள் குழுவின் 'ரேங்க்' என்னை நிறுத்தினாள். முதல் மதிப்பெண் தவறாதவள் என்பதால் அந்தப் பெயர். பக்கத்தில் குழுவின் நான்காவது ஆளான அவள் தோழி.

"நீதானே சொல்லித் தர்றே. அவங்களுக்கு ஏறுதா, இல்லையா?"

"மெதுவாத்தான்..."

"அது போதும்."

அக்காவை வேறு குழுவுக்கு மாற்றக் கேட்டு ஏற்கெனவே எழுதிய கடிதத்தில், 'கற்றுத் தருபவரே சொல்கிறார்' என்று ஒரு வரி சேர்த்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன். என் மதிப்பெண்ணைப் பற்றித்தான் நினைத்தேன்.

விரிவுரையாளர் அந்தக் கடிதத்தை அக்காவிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். அக்கா கடைசிக் கையெழுத்துவரை படித்து, நான்காக மடித்துத் திருப்பித் தந்தார். பிறகு எங்கள் மேசைக்கு வந்து தன் நோட்டை வைத்தார்.

"என் பாடத்தை நான் இன்னும் உங்களுக்கு நடத்தலையே. இதைப் படிச்சுக்குங்க."

புதுக் குழுவில் அவருக்குத் தமிழில் சொல்ல யாரும் இல்லை. தேர்வில் பயனளவைக் கொள்கைக்கு எடுத்துக்காட்டு கேட்டிருந்தார்கள். கோணலாக வெட்டிய காலரை எழுதினேன், அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அக்கா இரண்டு மதிப்பெண்ணில் தேர்ச்சி தவறினார்.

நான் சொல்லித் தரத் தொடங்கிய முதல் நாளே அவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டிருந்தார்: "எனக்கு ஏறலைன்னா மொதல்ல எங்கிட்ட சொல்லிடும்மா, இன்னொரு தடவை படிச்சுக்கறேன். மத்த ரெண்டு பேர்கிட்ட சொல்லிடாதே."