ஒரே பெயர் இரண்டு முறை வந்தால்

தொண்ணூறுகளின் நடுவில் மலாக்காவில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் மலாய் நன்றாக எழுதுவேன் என்பதால், கிளினிக்குகளுக்கு விற்ற நோயாளிப் பதிவு மென்பொருளுக்குக் கையேடு எழுதச் சொன்னார் முதலாளி. மென்பொருளை அரை நாள் தட்டிப் பார்த்துவிட்டு நாற்பது பக்கம் எழுதினேன். அதில் பெருமை வேறு.

அதை முழுதாகப் படித்த ஒரே ஆள் பக்கத்து ஊரான பெம்பானில் ஒரு கிளினிக்கின் பதிவு மேசையில் இருந்த அக்காதான். படித்ததோடு விடாமல், எழுதியிருந்தபடியே செய்தார். இரண்டாவது வாரம் போன் வந்தது.

“தங்கச்சி, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்லா. இங்க ஒரு தாத்தா காணாம போயிட்டாரு.”

பஸ் பிடித்துப் போனேன். காணாமல் போனவர் டாக்டர் அறையில்தான் இருந்தார். அவருக்கும் அவருடைய பேரனுக்கும் ஒரே பெயர், ஒரே வீடு. ஒரே பெயர் இரண்டு முறை இருந்தால் ஒன்றை அழிக்கவும் என்று பதினெட்டாம் பக்கத்தில் எழுதியிருந்தேன். அக்கா தாத்தாவை அழித்துவிட்டார். திரையில் மிஞ்சியிருந்த பேரனின் பதிவைப் பார்த்த டாக்டர், மூன்றாவது தடுப்பூசி இன்னும் போடவில்லையே என்று கேட்டிருக்கிறார்.

“ஊசி போடணும்னா போடுங்க டாக்டர். பிரஷர் மாத்திரையையும் சேத்துக் குடுங்க,” என்றார் தாத்தா.

அக்காவைத் தனியே கூப்பிட்டேன். “அழிக்கிறதுக்கு முன்னாடி அடையாள கார்டுல உள்ள ஐசி நம்பரப் பாருங்கன்னு எழுதியிருக்கேனேக்கா.”

“பாத்தேன்லா. அது பத்தொன்பதாம் பக்கத்துல இருக்கு. நான் பதினெட்ட முடிச்சிட்டுத்தானே அங்க வர முடியும்?”

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பிருந்த நோயாளி அட்டைகளை எடுத்துவைத்துக்கொண்டு, தாத்தாவோடு சேர்த்து அழிந்துபோன பதினோரு பேரையும் சாயங்காலம்வரை மறுபடி ஏற்றினோம். அக்கா ஒரு வரி படிப்பார், செய்வார், பிறகு அடுத்த வரிக்குப் போவார். நானோ எல்லா எச்சரிக்கையையும் காரியம் முடிந்த பிறகே சொல்லியிருந்தேன்.

எச்சரிக்கையை முன்னால் வைத்துப் பதினெட்டாம் பக்கத்தைத் திருத்தி அனுப்பினேன். மறுவாரம் மீண்டும் போன்.

“தங்கச்சி, இப்ப ரெண்டு பதினெட்டு இருக்கு. எது புதுசு?”

தேதி போடவே தோன்றவில்லை எனக்கு.

“ஒண்ண அழிச்சிடவா?” என்றார்.

“வேணாங்க்கா, ஒண்ணும் செய்யாதீங்க. நான் வரேன்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.