பெருக்கல் குறி போட்ட டம்ளர்

அந்த எவர்சில்வர் டம்ளரின் விளிம்பை ஒட்டி ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களே, அந்த மாதிரி நேர்த்தியான வெட்டு இல்லை. ஆணியால் கீறியது. ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் கோணிக்கொண்டு நிற்கும். கீறியவன் நான். இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒலி அலை சுவரில் பட்டு எப்படித் திரும்பி வரும் என்று காலமெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டியவன்.

அது என் மதினிக்காக நான் ஒதுக்கிய டம்ளர். அண்ணன் காலமான பிறகு மதினி பாளையங்கோட்டையில் எங்களோடுதான் இருந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் குரலில் அந்த அதிகாரம் போகவில்லை. ஐப்பசி மழையில் வந்த இருமல் சித்திரை வெயிலிலும் நிற்கவில்லை. ஸ்கேன் எடுத்ததில் மூச்சுக்குழலை ஒட்டி நெறிக்கட்டிகள் வீங்கியிருப்பது தெரிந்தது. காசநோயாக இருக்கலாம், புற்றுநோயாக இருக்கலாம், வேறு எதுவாகவும் இருக்கலாம், படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். மதுரையில் ஒரு சோதனை செய்கிறார்கள் என்றும் சொன்னார். சுண்டுவிரலைவிட மெல்லிய குழாயை வாய் வழியாக மூச்சுக்குழலுக்குள் விடுவார்கள். அதன் நுனியில் அல்ட்ராசவுண்ட் கருவி இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டே, ஊசியால் துளி சதை எடுப்பார்கள். நெஞ்சைக் கீற வேண்டியதில்லை. பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம்.

நான் வேண்டாம் என்றேன். கட்டியில் ஊசி பட்டால் பரவிவிடும் என்று ஊரே சொல்வதை நானும் சொன்னேன். அதை நான் நம்பவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. உண்மையான காரணம் வேறு. என் மகளுக்குத் தூத்துக்குடியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பேர் தெரியாத வரைக்கும் அது வெறும் இருமல். பேர் தெரிந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கே அந்தப் பேர் வந்துவிடும். தெரிந்த மருத்துவர் ஒருவரை நச்சரித்து, சோதனை இல்லாமலே காசநோய் மாத்திரை வாங்கி வந்தேன். வருகிறவர்களிடம் தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பிறகு ஆணியை எடுத்தேன். எங்கள் வீட்டில் எல்லாரும் அண்ணாந்து குடிக்கிறவர்கள். யார் உதடும் எந்த டம்ளரிலும் படாது. அப்படியும் ஒன்றை ஒதுக்கினேன்.

மதினி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்ன தம்பி, தப்பான விடைக்குப் போடுத குறியா?” என்றார்.

மாத்திரை தின்று சோறு இறங்காமல் போயிற்றே தவிர இருமல் குறையவில்லை. “என் நெஞ்சுக்குள்ள இருக்கது என்னன்னு எனக்குத் தெரியாண்டாமா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எதிரொலிப் பாடம் எடுத்தீயளே, எனக்குன்னா மட்டும் சத்தம் திரும்பி வராதாக்கும்?” என்று ஒருநாள் கேட்டார். கூட ஒரு ஆள் வர வேண்டும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டார். நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். தன்னோடு வேலை பார்த்த சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

காசநோயும் இல்லை, புற்றும் இல்லை. சார்காய்டோசிஸ் என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாறுமாறாகிக் கட்டிகளை உண்டாக்கும் நோய், யாருக்கும் ஒட்டாது. மருந்தை மாற்றினார்கள். இருமல் பைய அடங்கியது.

சம்பந்தி வீட்டார் பெண் பார்க்க வந்தபோது மதினியை உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தேன். காப்பித் தட்டோடு அவரே வந்து நின்றார். “எனக்கு நெஞ்சுல கட்டி இருந்துச்சு. மதுரையில குழாய் விட்டு, ஊசி வச்சுப் பாத்தாச்சு. ஒட்டுத சீக்கு இல்லை. காப்பியை ஆறவிடாதீய.” மாப்பிள்ளையின் அம்மா கையில் எடுத்த டம்ளரைக் கீழே வைக்காமல், பக்கத்தில் இருந்த கணவரைக் காட்டினார். “இவுகளும் ரொம்ப நாளா இருமுதாக. பாக்கப் போவோம்னா வரமாட்டேங்காக. எந்த ஆஸ்பத்திரி அக்கா?” என்று கேட்டார். கல்யாணம் நடந்தது. நான் எதற்குப் பயந்தேனோ அது எங்கேயுமே இல்லை.

அந்தக் கையோடு மதினி சேரன்மகாதேவியில் வாடகைக்கு வீடு பார்த்துப் போய்விட்டார். எங்கள் பாத்திரங்களில் அவர் எடுத்துப்போனது அந்த டம்ளர் ஒன்றைத்தான். நான் பார்க்கப் போனபோது அதில்தான் தண்ணீர் தந்தார். அண்ணாந்து குடித்தேன். “இன்னும் பயமாக்கும்?” என்று சிரித்தார். பழக்கம் மதினி என்றேன். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் தொண்டை வரை வந்தது. தண்ணீரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். வீட்டைக் காலி செய்தபோது டம்ளரை நான் எடுத்து வந்தேன்.

இப்போது என் நெஞ்சிலும் நெறிக்கட்டி. அதே சோதனையை இப்போதெல்லாம் திருநெல்வேலியிலேயே செய்கிறார்கள். “அப்பா, யார்ட்டயும் சொல்லாண்டாம். சளின்னு சொல்லி வைங்க” என்று பெங்களூரிலிருந்து மகன் பேசினான். என் குரல்தான் அவன் வாயிலிருந்து வந்தது. மறுநாள் டீக்கடையில் நாலு பேர் கேட்கவே சொன்னேன். எதிர்வீட்டு அண்ணாச்சி பதறிப்போனார்.

“கட்டியில ஊசி பட்டா பரவும்லா வே?”

“ஊசிக்குப் பயந்து இருந்தா மட்டும் அது சும்மா இருக்குமாவே? உமக்கும் இருமல் இருக்குல்லா, வாரும், சேர்ந்தே போவோம்.”

அவர் வரவில்லை. வேண்டாம். என் நோய்க்கு ஒரு பேர் இருந்தால் அதை நான் சத்தமாகத்தான் சொல்வேன். முடிவை மகனிடம் சொல்லக் கூடாது, என்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று மருத்துவரிடமும் சொல்லிவிட்டேன். இதையெல்லாம் வெளியே எழுதலாமா என்று கேட்கிற சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும். ஒருமுறை மூடி வைத்ததற்கான பலனை நான் இன்னும் தின்று தீர்க்கவில்லை.

சோதனைக்கு என்னோடு துணைக்கு வந்தது மகள். தொண்டை மரத்துப்போக அடித்த மருந்து கசந்தது; அதற்குப் பிறகு நடந்தது நினைவில்லை. எல்லாம் முடிந்து வெகுநேரம் தண்ணீரே தரவில்லை. கடைசியில் நர்ஸ் வந்து தொண்டையைச் சோதித்துவிட்டுச் சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் மரத்திருக்கும் தாத்தா. அண்ணாந்து ஊத்திராதீய, புரை ஏறிரும். வாய் வச்சு பைய உறிஞ்சிக் குடிங்க.”

பையிலிருந்த டம்ளரை எடுக்கச் சொன்னேன். மகள் தண்ணீர் ஊற்றும்போது குறியைப் பார்த்தாள். “இது யாருப்பா போட்டது?”

“நான்தான்” என்றேன்.

டம்ளரை வாங்கி, குறி என் பக்கம் வரும்படி திருப்பி, அதன் மேலேயே வாய் வைத்துக் குடித்தேன். கீறல் உதட்டில் நெருடியது.