கை நனைக்காமல் ஒரு விலை

நான் அஞ்சாவது தாண்டாதவன். ஆனால் திராட்சைப் பந்தலுக்குள் ஒருதரம் குனிந்து நடந்து வந்தால் போதும், எத்தனை பெட்டி பழம் இறங்கும் என்று சொல்லிவிடுவேன். சொன்னது பிசகாது. கம்பம் பள்ளத்தாக்கில் என் அளவுக்குப் பந்தல் பார்த்த வியாபாரி வேறு கிடையாது. நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒன்றும் கூச்சமில்லை.

எங்கள் தொழிலில் பத்திரம் எழுதுவதில்லை. விலை பேசியதும் தோட்டக்காரரும் வியாபாரியும் ஒன்றாக உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். நனைத்தால் பேச்சு முடிந்தது. நனைக்காமல் எழுந்தால் வியாபாரிக்கு மனசு மாறிவிட்டது என்று அர்த்தம். முன்னே தோட்டத்து வீட்டிலேயே சோறு போடுவாக. அப்புறம் எல்லாருக்கும் அவசரம். ரோட்டோரம் புரோட்டாக் கடை வந்தது. உட்கார்ந்த கையோடு இலை, இலை விழுந்த கையோடு புரோட்டா. எனக்கும் அது தோதாகத்தான் இருந்தது. ஒரு நாளில் மூன்று தோட்டம் முடித்தால் மூன்று கடை. இருபது வருஷம் அப்படியே தின்றேன்.

இந்த வருஷம் வலது பெருவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவே இல்லை. தேனியில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "சுகர் இப்படியே இருந்தா விரலை எடுக்க வேண்டியதாயிரும்" என்று சொன்னாக. அன்றிலிருந்து வீட்டுக்காரி ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்புகிறாள். குதிரைவாலிச் சோறு, அவரைக்காய்ப் பொரியல், மோர்.

முதல் நாளே கோம்பையில் ஒரு தோட்டம். விலை பேசிவிட்டுக் கடையில் உட்கார்ந்து தோட்டக்காரருக்கு மட்டும் புரோட்டா சொன்னேன். நான் தண்ணீர் குடித்தேன். தூக்குவாளி வண்டியிலேயே கிடந்தது. சுகர் என்று வாயைத் திறந்தால், இவன் கால் இனிமேல் பந்தலுக்குள் நடக்காது என்று ஊரெல்லாம் பேசுவார்களே. மறுநாள் பெட்டியோடு ஆள் அனுப்பினால், அங்கன வேறொரு வியாபாரி பழம் வெட்டிக்கொண்டிருக்கிறான். போனில் கேட்டேன்.

"நீங்கதான் கை நனைக்கலையேண்ணே" என்றார் தோட்டக்காரர்.

அடுத்த வாரம் சுருளிப்பட்டியில் பயந்துபோய் மூன்று புரோட்டா தின்றேன், சால்னாவை நிறைய ஊற்றிக்கொண்டு. சாயங்காலம் கட்டுப் பிரித்த வீட்டுக்காரி, புண் மறுபடி நீர் கோத்திருப்பதைப் பார்த்தாள். தூக்குவாளியையும் திறந்து பார்த்தாள். சோறு வைத்தபடியே இருந்தது.

"தோட்டத்தைப் பிடிச்சுட்டீகளாக்கும்?"

"பிடிச்சுட்டேன்."

"விரலை?"

நான் தூக்குவாளியை மூடி வைத்தேன்.

அதற்குப் பிறகு ராயப்பன்பட்டியில், பதினைந்து வருஷமாக நான் பழம் வாங்குகிற பெரியவர் தோட்டம். விலை முடிந்து கடைக்கு வந்தோம். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை. தூக்குவாளியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணே, எனக்குச் சுகரு. விரலை எடுத்துருவோம்கிறாக. இதுலதான் நான் கை நனைக்க முடியும். உங்களுக்குப் புரோட்டா சொல்றேன்."

அவர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இதுல பாதியை எனக்குப் போடு."

"உங்களுக்கு எதுக்குண்ணே பத்தியச் சோறு?"

"எனக்கும் சுகருதான்டா. எட்டு வருசமாச்சு. திங்காட்டி நீ வெலையை மாத்திருவியோன்னுதான் உன்னோட உக்காந்து புரோட்டாவை முழுங்குனேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "பந்தலைப் பாத்தே பெட்டிக் கணக்குச் சொல்றவனாம்! எதிர உக்காந்து திங்கிறவனுக்குச் சுகருன்னு தெரியலையே, ஏலே."

கடைக்காரர் முறைத்தார். சீனி போடாமல் ரெண்டு டீ சொல்லிவிட்டு, ஒரு ஆள் சோற்றை ரெண்டு பேரும் தின்றோம். பத்தவில்லை. மறுநாள் அவர் தோட்டத்தில் என் ஆட்கள்தான் பழம் வெட்டினார்கள்.

இப்போது வீட்டுக்காரி பெரிய தூக்குவாளியாகக் கொடுத்தனுப்புகிறாள். போன வாரம் டாக்டரம்மா, "இப்போதைக்கு விரல் இருக்கட்டும், பார்ப்போம்" என்று சொன்னாக. புண் இன்னும் மூடவில்லை. நாளைக்கு மூன்று தோட்டம். மூன்று இடத்திலும் எனக்குச் சுகர் என்று நானே சொல்ல வேண்டும். அதை நினைத்தாலே வருகிற அலுப்பு, நாள் முழுக்கப் பந்தலுக்குள் குனிந்து நடந்தாலும் எனக்கு வந்ததில்லை.