அகல்யா அக்காவின் கொல்லை

கோர்படியில் எங்கள் வீட்டுக்கும் அகல்யா அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரே மதில். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பெருக்காத சருகு, பழைய டப்பில் பாசித் தண்ணீர், புழு அரித்த எலுமிச்சை. "எப்படித்தான் குடித்தனம் பண்றாளோ" என்று என் மாமியாரே சொன்னதுண்டு. பார்க்கத் தெரியாதவர்களுக்குக் கண் இருந்து என்ன பிரயோஜனம்?

அக்காவின் கணவர் ஜெகதீசன் ரயில்வேயில் இருந்தவர். அவர் போன பிறகு அவள் ரொம்ப நாள் யாரோடும் பேசவில்லை. விடிந்ததும் கொல்லைப்படியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அப்போது அங்கே காய்ந்த மண்ணும் ஒரு கறிவேப்பிலையும்தான். பிறகு செம்பருத்தி வைத்தாள், பவழமல்லி வைத்தாள். எலுமிச்சை வைத்தது ஊறுகாய்க்கு. அதில் பட்டாம்பூச்சி முட்டையிட்டு, புழுக்கள் இலையைத் தின்ன ஆரம்பித்ததும் ஊறுகாயை மறந்துவிட்டாள்.

"தின்னுட்டுப் போகட்டும் அமலா. நமக்குக் கடையில கிடைக்குது" என்றாள் என்னிடம்.

டப்புக்குத் தவளை வந்தது. மதிலடிப் பொந்தில் கீரி குட்டி போட்டது. செம்பருத்தி இலையைத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியது. அக்கா முகத்தில் மறுபடி சிரிப்பைப் பார்த்தது அந்த இடத்தில்தான்.

இந்த மழைக்காலத்தில் பாசியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் மகன் கோவிந்தராஜ் ஹடப்சர் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வந்தான். தங்கமான பிள்ளை, அதுதான் கஷ்டம். நான் மகள் பிரசவத்துக்கு நாசிக் போயிருந்தேன். இங்கே இருந்திருந்தால் மதிலேறிக் குதித்தாவது தடுத்திருப்பேன்.

அக்கா வீடு திரும்பிய அன்றுதான் நானும் வந்து சேர்ந்தேன். கோவிந்தராஜ் அவளை வாக்கரோடு மெல்ல நடத்திப்போய்க் கொல்லைக் கதவைத் திறந்தான். ஒரு செடி இல்லை. இந்த மதில் முதல் அந்த மதில் வரை சிவப்பு டைல்ஸ். ஓரமெல்லாம் பிடித்து நடக்கக் கம்பி. நடுவில் ஒரு சாய்வு நாற்காலி.

"பாரும்மா, ஏக்தம் சாஃப், ஒரே சுத்தம். இனிமே நீ ஸ்லிப்பே ஆக மாட்ட. தோட்டக்கார மாலி வரல, எல்லாம் நானே வெட்டினேன்."

"அட பாவி" என்று வாயெடுத்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"கையெல்லாம் கொப்புளமா இருக்கே கண்ணு, மருந்து போட்டியா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பிடிச்சிருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்குப்பா."

அவன் டீ போட உள்ளே போனான். "அவன்கிட்ட எதுவும் சொல்லிடாத அமலா. நான் மறுபடி விழக்கூடாதுன்னு பண்ணிருக்கான்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவள் கட்டில் எப்போதும் கொல்லை ஜன்னலோரம் இருக்கும். சாயங்காலம் அதைத் தெருப்பக்க அறைக்கு மாற்றச் சொன்னாள். கோவிந்தராஜுக்கு ஒரே சந்தோஷம்.

"அம்மாவுக்கு நாலு மனுஷங்களப் பாக்கணும்னு தோணிடுச்சு ஆன்ட்டி" என்று சொல்லிக்கொண்டே கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தான். மறுமுனையை நான் பிடித்தேன்.