என் கைச் சோற்றை முகர்ந்து பார்த்த மகள்

இந்த ஊரில் கடுகு தாளிக்கவும் பயமாக இருக்கிறது. எண்ணெய் கொஞ்சம் புகைந்தால் போதும், கூரையில் ஒட்டியிருக்கும் வெள்ளை வட்டப் பெட்டி ஓலமிடும். நார்வேயில் எல்லா வீட்டிலும் அது உண்டாம். நான் வந்த புதிதில் மகள் ஈஸ்வரி அதன்மேல் ஒரு துணியைச் சுற்றினாள். சத்தத்துக்காக என்று நினைத்தேன். "அது நாம பேசுறதக் கேக்குதும்மா" என்றாள் மெதுவாக.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டங்களில் கொத்து வெட்டித்தான் அவளை இன்ஜினியராக்கினேன். கல்யாணமாகி இங்கே வந்தவளுக்கு மாதவிலக்கு நின்றது. பிள்ளை பெறாமலே மார்பில் பால் கசிந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் மறைத்தால் மற்றது புரியாது. மூளைக்கு அடியில் பயறு போல ஒரு கட்டி, அது சுரப்பைக் கெடுக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். பால் நின்றது. அதன் பிறகுதான் போனில் அவள் பேச்சு மாறியது. கூட வேலை செய்கிறவர்கள் வேவு பார்க்கிறார்கள் என்றாள். மாப்பிள்ளை மேலும் சந்தேகம். கடைசியில் அவர்தான் என்னை வரவழைத்தார்.

நான் மாத்திரையை நினைக்கவே இல்லை, சம்பந்தி வீட்டைத்தான் நினைத்தேன். எங்கள் பக்கம் ஒருவர் மனசு திடீரென்று மாறினால், யாரோ சோற்றில் இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்பதுதான் முதல் பேச்சு. நான் விமானம் ஏறுமுன், உத்தமபாளையத்திலிருக்கும் தங்கை என்னை ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில், அதை முறிக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனாள். செல்போனில் மகள் படத்தைப் பார்த்து, "மாப்ள வீட்டுச் சாப்பாடு" என்றார். "பாத்தியாக்கா, பேரு ஊரு கேக்காமயே சொல்லிட்டாக!" என்று தங்கை என் தொடையைக் கிள்ளினாள். மகளுக்குத் தெரியாமல் ரசத்தில் போடச் சொல்லி ஒரு பொட்டலம் தந்தார்.

இங்கே வந்தால், நான் வைத்த தட்டை ஈஸ்வரி தொடவில்லை. சோற்றை முகர்ந்தாள்.

"இதுல என்ன கலந்த?"

"உப்பும் புளியுந்தான் தாயி."

"ஒம் மருமகன் சொல்லிக் குடுத்தாரா?"

ரொட்டியைப் பாக்கெட்டோடு வாங்கி, தானே பிரித்துத் தின்றாள். கன்னம் ஒட்டிப்போயிற்று. தங்கை போனில் விரட்டினாள்: "இன்னுமா போடல? அம்புட்டுத் தூரம் சொமந்துட்டுப் போயி பெட்டிக்குள்ள வச்சுக் கும்புடவாக்கா?"

ஒரு மத்தியானம் ரசம் நுரை கட்டுகையில் பொட்டலத்தைப் பிரித்தேன். கை நின்றுவிட்டது. இதைப் போட்டால் என் மகள் சொல்வது உண்மையாகிவிடும். பிறகு அவள் யாரை நம்புவாள்? அப்படியே கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தேன். "சித்தி குடுத்துவிட்டா. ஒனக்குத் தெரியாம போடணுமாம். நான் போடல."

பொட்டலத்தை எடுத்து முகர்ந்தாள். "எல்லாரும் ஒளிக்கிறாக. நீ ஒருத்திதான் காட்டிருக்க." போகவே மாட்டேன் என்றிருந்த டாக்டரிடம், நானும் உள்ளே வந்தால் வருவதாகச் சொன்னாள்.

டாக்டர் இளம் பெண். போனில் ஓர் இலங்கைத் தமிழர் மொழிபெயர்த்தார். "அம்மா, உங்கட மகள் சூது விளையாடுறவவோ எண்டு டாக்டர் கேக்கிறா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எம்புள்ளையா? சீட்டுக்கட்டக் கையால தொட்டதில்ல! யாரு சொன்னாக, மாப்பிள்ளையா?"

ஈஸ்வரி சிரித்துவிட்டாள். "யம்மா, இப்ப நீ என்னைய மாதிரியே பேசுற."

அந்த மாத்திரை சிலருக்குச் சூதாட்ட வெறியைக் கிளப்புமாம், சிலருக்கு இல்லாத சந்தேகத்தைக் கொடுக்குமாம். அதற்காகக் கேட்டாராம். சோற்றை முகர்வதைச் சொன்னேன். முன்னாலும் அப்படி உண்டா என்றார். இல்லவே இல்லை என்றேன். மாத்திரையை நிறுத்தி, மனநல டாக்டரையும் பார்க்க வைத்தார். கட்டியை விடாமல் கவனித்து வரவேண்டும் என்றார். மாத்திரையைக் கொடுத்தவர்களே அதன்மேல் பழி போடுகிறார்களே என்று எனக்கு அவர் மேலும் சந்தேகம்தான்.

ஈஸ்வரி மெல்லத் தெளிகிறாள். "பொட்டலந்தான வேல செஞ்சுச்சு?" என்று தங்கை கேட்கிறாள். ஊரில் மழை உண்டா என்று நான் கேட்கிறேன். ஊருக்கு வா என்கிறாள் அவள். இரு என்கிறாள் மகள்.

ஊரில் பிள்ளையின் வயிறு நிறைந்த பிறகுதான் தாய் தட்டில் கை வைப்பாள். இங்கே ஒரே தட்டில் பிசைந்து, முதல் வாயை நான் உண்கிறேன். என் தொண்டையில் அது இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து மகள் கை நீட்டுகிறாள்.