எங்கள் கடையில் ஏன் ஆள் நிற்பதில்லை

பிள்ளைகளா, "நல்ல ஆள் கிடைக்கல, கிடைச்சாலும் நிக்கல" என்று உங்கள் பெரியப்பா சொல்லும்போதெல்லாம் நீங்கள் தலையாட்டுகிறீர்கள். இனிமேல் ஆட்டாதீர்கள். நான் எட்டாவதோடு நின்றவன், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். நாளைக்கு இந்தப் பட்டுக் கடையை நடத்தப் போகிறவர்கள் நீங்கள்.

முசரவாக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாரே, நீங்கள் அத்தை என்று கூப்பிடுவீர்களே, அவரைப் பற்றித்தான். கணவர் இறந்தபின், மகளை ஏனாத்தூரில் காலேஜில் சேர்த்த சமயத்தில் வேலை கேட்டு வந்தவர். கலைந்த புடவைகளை மடிக்கத்தான் முதலில் வைத்தோம். ஒருநாள் விற்கிற பையன் வராததால், வருகிறவர்களுக்குப் புடவை காட்டுகிற முன்மெத்தையில் உட்கார வைத்தோம். அதற்குப் பிறகு அந்த இடம் அவருடையதாகிவிட்டது.

புடவையை விரித்துக் காட்டினால் போதும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் தன் தோளில் போட்டு, முந்தானையை மடித்துவிட்டு, எழுந்து ஒரு சுற்று சுற்றிக் காட்டுவார். "கட்டிக்கப் போறது நீதானே கண்ணு? அப்ப அம்மா மூஞ்சப் பாக்காத, என்னைப் பாரு" என்பார். குள்ளமான ஒரு பெண்ணின் அம்மா அகலக் கரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். "வேணாம்மா, புடவைதான் உங்க பொண்ணக் கட்டிக்கினு போறா மாதிரி இருக்கும்" என்றார் அத்தை. அந்த அம்மாவே சிரித்துவிட்டார். விலை குறைந்த சின்னக் கரைதான் விற்றது. ஆனால் அந்தக் குடும்பம் வளைகாப்புக்கும் நம் கடைக்குத்தான் வந்தது.

போன மாதம் ஒரு கல்யாணக் கூட்டம் வந்தது. மணப்பெண்ணுக்கு அரக்கு நிறத்தில் ஒன்று பிடித்துப்போனது. நம் அத்தை அதைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். பெண்ணின் பெரியம்மா பேச்சுவாக்கில், "உங்க வீட்டுக்காரர் என்னம்மா பண்றாரு?" என்று கேட்டார்.

"தவறிட்டாருங்க."

புடவையைத் தொட்டுக்கொண்டிருந்த கையை அந்த அம்மா சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஐயையோ, முகூர்த்தப் புடவைங்க! இத எடுத்துடுங்க. வேற ஆள வெச்சி வேற காட்டுங்க."

"பெரியம்மா, எனக்கு இதுதான் வேணும்" என்றது பெண்.

"நீ சும்மா இருடி."

கல்லாவிலிருந்து உங்கள் பெரியப்பா ஓடி வந்தார். வந்து சொன்னார்: "தப்பா நினைச்சிக்காதீங்கம்மா. இது பெருக்கற பொம்பள. ஆள் இல்லாத நேரத்துல எடுத்துப் போட்டுக்கினு நிக்குது."

ஆறு வருஷமாக முன்மெத்தையில் உட்கார்ந்து கடையை நிமிர்த்தியவரை, அவர் காது கேட்கவே, பெருக்கற பொம்பள என்றார். அத்தை தோளில் இருந்த புடவையை எடுத்து, மடிப்பு பிசகாமல் மடித்து, மணப்பெண் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் பெரியம்மா பக்கம் திரும்பினேன். "அவங்க பெருக்கறவங்க இல்லம்மா. இந்தக் கடையில புடவை விக்கறதே அவங்கதான். எங்க அண்ணன் சொன்னது பொய்" என்றேன். பெரியம்மா எழுந்துவிட்டார். கூட்டம் முழுக்க எழுந்தது. மணப்பெண் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே உள்பக்கம் பார்த்தது.

"ஏன்டா, அறிவு இருக்குதா உனக்கு? வந்த கல்யாணத்த வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டியே!" என்று கத்தினார் பெரியப்பா.

"அண்ணா, அப்பா போனப்புறம் நம்ம அம்மா ஐயம்பேட்டையில உக்காந்து பட்டு நூல் சுத்தித்தானே நம்மள வளத்தாங்க? அந்த நூல்ல நெய்த புடவையக் கட்டிக்கினு எத்தன பொண்ணு மணையில உக்காந்தா? அப்ப எந்தப் பெரியம்மா எழுந்து போனா?"

அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. "அது உள்ள உக்காந்து செய்யறது. கஸ்டமர் கண்ணுல பட்டுதா?"

பார்த்தீர்களா? கை படலாம், முகம் மட்டும் தெரியக்கூடாது. இதுதான் நம் கடைத்தெருவின் சாஸ்திரம். இதை எந்தச் சாமி சொன்னது என்று கேட்டால் ஒருவனுக்கும் பதில் தெரியாது.

அன்று சாயங்காலமே, கையும் படக்கூடாது என்று உத்தரவு வந்தது. அத்தை இனி உள்ளே உட்கார்ந்து மடிக்கலாமாம், முகூர்த்தப் புடவையை மட்டும் தொடக்கூடாதாம். நம் கடையில் வேறென்ன புடவை இருக்கிறது?

மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கு வந்தார். படியேறவில்லை. "தொடப்பம் அந்த மூலையில இருக்குது அண்ணா. பெருக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்று பெரியப்பாவிடம் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்றைக்கே டீக்கடையில் பெரியப்பா பக்கத்துக் கடைக்காரர்களிடம் புலம்பினார். "ஆறு வருஷம் சோறு போட்டோம். ஒரு வார்த்த பொறுக்கல. இந்தக் காலத்துல எவளுக்குப்பா விசுவாசம் இருக்குது?" எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். யார் யாருக்குச் சோறு போட்டது? அத்தை விற்றதில்தான் நாம் தின்றோம். நீங்கள் தின்றீர்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஷேர் ஆட்டோ நிற்கிற இடத்தில் அத்தையைப் பார்த்தேன். "வாம்மா, நான் பேசிக்கறேன்" என்றேன்.

"நீங்க பேசுவீங்க அண்ணா. அன்னிக்கும் பேசினீங்க. நான் எங்க உக்காருவேன்?"

கடையில் பாதிதான் என்னுடையது, முன்மெத்தையை என்னால் தனியாக அவருக்குக் கொடுக்க முடியாது.

"எதிர்க்கடையில கேட்டேன்" என்று அவரே சொன்னார். "வீட்டுக்காரர் இல்ல, முன்னாடி உக்கார வெப்பீங்களான்னு முதல்லயே கேட்டுட்டேன். யோசிச்சு சொல்றோம்னாங்க." சிரித்தார். "யோசிக்கறதுக்குன்னே கடை வெச்சிருக்கறாங்கபோல." ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டார்.

பிள்ளைகளா, ஆள் வைப்பது என்றால் சம்பளம் பேசுவது மட்டுமில்லை. நாலு பேர் எதிரில் அவரை யார் என்று சொல்கிறோமோ, அதைப் பொறுத்துத்தான் அவர் நிற்பதும் போவதும். அதைச் சரியாகச் சொல்ல வாய் வராதவன் தானே பெருக்கி, தானே மடித்து, தானே விற்றுக்கொள்ளட்டும்.

நேற்று மத்தியானம் பெரியப்பா சாப்பிடப் போயிருந்தார். வாசல் கண்ணாடியில் அவர் ஒட்டியிருந்த தாள் வெயிலில் பளபளத்தது: "விற்பனைக்குப் பெண் தேவை. நல்ல மரியாதை உண்டு." மைதாப் பசை காய்ந்து இறுகியிருந்தது. ஈரத்துணியை வைத்து ஊறவிட்டு, கண்ணாடி சுத்தமாகும்வரை நகத்தால் சுரண்டினேன்.